டிஸ்க்கைச் சுத்தம் செய்யாதேங்கோ

"இப்ப டிஸ்க் கிளீன் மச்சான்" என்றான் அவன். உண்மைதான், கிளீனாகத்தான் இருந்தது. இரண்டு இரவு இருந்து அடிச்ச என்ர நிரல் மட்டும் அதில் இல்லை.

அந்த ஒரு சொல்லோடதான் எனக்குச் சண்டை. கிளீன். பழைய டிஸ்க் ஒன்றில் பெயர்ப்பட்டியல் குழம்பியிருந்தால் உடனே அதைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று கைதுறுதுறுக்கிற ஆக்கள் இருக்கினம். நல்ல மனசோடதான் செய்யினம். ஆனால் அவர்கள் செய்வது திருத்தம் இல்லை, அழிப்பு. இதைச் சொல்ல நான் கணினி படித்திருக்க வேண்டியதில்லை. படிக்காதபடியால்தான் விளங்கினது என்றுகூட எனக்குப் படுது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கலைப்பீடம், தமிழும் வரலாறும். செமஸ்டர் லீவில் லப்டொப்பில் 'வைஸ்' என்ற எமுலேட்டரைப் போட்டு கொமடோர் 64 ஓட்டத் தொடங்கினேன். 1982-ல் வந்த வீட்டுக் கணினி அது. 64 கிலோபைட் நினைவகம். உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்ற பெட்டி. எமுலேட்டர் என்பது அந்தப் பெட்டியைப் போலவே நடிக்கிற மென்பொருள். பிளொப்பிக்குப் பதிலாக 'டி64' என்ற ஒரு பைல். ஒரு முழு பிளொப்பியும் அதுக்குள்ள 174,848 பைட்டாகக் கிடக்கும். வட்சப்பில் வாற குட்மோர்னிங் படம் ஒன்றின் அளவு.

எனக்கு வந்த ஆசை, அந்தப் பெட்டியின் திரையில் தமிழ் எழுத்துப் பார்க்க வேண்டும் என்பது. ஒரு எழுத்துக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளிதான் இடம். ஒவ்வொரு எழுத்தையும் எட்டு எண்களாக்கி பேசிக்கில் டேட்டா வரிகளாக அடிக்க வேண்டும். 'ட', 'ப' எல்லாம் சுகம். 'ண'வில்தான் மாட்டுப்பட்டேன். மூன்று சுழி வைக்க எட்டுப் புள்ளி காணாது, இரண்டு சுழியோடு விட்டால் அது 'ன'. இந்தச் சண்டையிலேயே ஒரு இரவு போனது.

இந்த இரண்டு இரவும் நான் நிரலைச் சேமிக்கவில்லை. லப்டொப்பை மூடுவேன், திறப்பேன், எமுலேட்டர் அப்படியே நிற்கும். சோம்பல். மூன்றாம் நாள் காலையில், ஊருக்குப் போக வெளிக்கிடும் அவசரத்தில், 'சேவ்' அடித்தேன். அந்தக் காலத்து 1541 டிரைவ் வினாடிக்கு ஏறக்குறைய 300, 400 பைட்தான் நகர்த்தும். எமுலேட்டரும் அந்த ஆமை வேகத்தை அப்படியே நடித்துக் காட்டும். எனக்கு பஸ்ஸுக்கு நேரம். முடிந்திருக்கும் என்று நினைத்து ஜன்னலை மூடிவிட்டேன்.

திரும்பி வந்து பட்டியலைப் பார்த்தால், நிரலின் பெயர் இருக்கு. அளவு 0. வகைக்கு முன்னால் ஒரு நட்சத்திரக்குறி. கணினி விஞ்ஞானம் படிக்கிற கூட்டாளியிடம் காட்டினேன். அவன் கையேட்டைத் தேடி எடுத்து வாசித்தான். சரியாகத்தான் வாசித்தான். "வலிடேற் அடி, அதுதான் மருந்து" என்றான். அடித்தேன். டிரைவ் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு பட்டியலில் ஒன்றுமே இல்லை. அப்பதான் அந்தக் 'கிளீன்'.

அவனில் பிழை இல்லை. கையேடு அதைத்தான் சொல்லுது. என்ர கோபம், கையேடும் அவனும் நம்புகிற ஒரு விஷயத்தில். பட்டியல் சரியானால் டிஸ்க்கும் சரி என்ற நம்பிக்கை அது.

அது எவ்வளவு பெரிய மூடநம்பிக்கை என்று விளங்க, அந்த டிஸ்க்குக்குள்ள கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கோ, கஷ்டமில்லை.

1541 டிஸ்க்கில் 35 வட்டப் பாதைகள். அவற்றை ட்ராக் என்பார்கள். ஒவ்வொரு ட்ராக்கும் 256 பைட் செக்டர்களாகத் துண்டு போடப்பட்டிருக்கும். வெளிப்பக்கத்து ட்ராக்கில் 21 துண்டு, உள்ளே போகப் போகக் குறைந்து கடைசியில் 17. மொத்தம் 683. நடுவில் இருக்கிற 18-ஆம் ட்ராக் நிர்வாகத்துக்கு. அதன் முதல் செக்டரில் எந்த இடம் காலி, எது நிரம்பியது என்ற வரைபடம். அதைப் 'பேம்' என்பார்கள். அடுத்த செக்டரிலிருந்து பெயர்ப்பட்டியல். ஒரு பைலுக்கு 32 பைட் இடம், ஆக மொத்தம் 144 பெயர்தான் போடலாம். நிர்வாகத்தைக் கழித்தால் மீதி 664 செக்டர் உங்களுக்கு.

பைல் ஒன்று எப்படிக் கிடக்கும்? பட்டியலில் உள்ள பதிவு, பைலின் முதல் செக்டர் எங்கே என்று மட்டும்தான் சொல்லும். அந்தச் செக்டரின் முதல் இரண்டு பைட், அடுத்த செக்டர் எங்கே என்று சொல்லும். அது அதற்கடுத்ததைச் சொல்லும். சங்கிலி மாதிரி. சிறுவயதில் விளையாடின புதையல் வேட்டையை நினைத்துக்கொள்ளுங்கோ, ஒவ்வொரு துண்டுக் கடதாசியும் அடுத்த கடதாசிக்கு வழி காட்டும். பட்டியலுக்குத் தெரிந்தது முதல் கடதாசி மட்டும். பைல் எவ்வளவு நீளம் என்றுகூட அதற்கு உண்மையில் தெரியாது. பட்டியலில் காட்டுகிற அளவு, பைலை மூடும்போது எழுதி வைத்த ஒரு எண், அவ்வளவுதான். அதைக் கையால் மாற்றி 9999 என்று போட்டாலும் டிரைவ் பேசாமல் அதையே காட்டும்.

பதிவில் இன்னொரு பைட் இருக்கு. பைலின் வகை. நிரல் என்றால் 2. பைல் ஒழுங்காக மூடப்பட்டிருந்தால் அதோட 128-ஐக் கூட்டி 130. எழுதிக்கொண்டிருக்கும்போது 2 மட்டும் நிற்கும், மூடினவுடன் 130 ஆகும். என்ர பைலில் நின்றது 2. அதுதான் அந்த நட்சத்திரக்குறி. அதாவது டிஸ்க் எனக்குச் சொன்னது "இது பிழை" என்பதில்லை. "இதை எழுதத் தொடங்கினீங்கள், முடிக்கேல்ல" என்றது. எவ்வளவு நேர்மையான ஒரு குறிப்பு அது! என்ர அவசரம், பஸ், சோம்பல் எல்லாத்தையும் ஒரு நட்சத்திரக்குறியில் பதிந்து வைத்திருந்தது. நாங்கள் அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டோம்.

வலிடேற் என்ன செய்யும்? பட்டியலில் உள்ள ஒழுங்கான பைல்களின் சங்கிலியை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போய், அவை நிற்கிற இடங்களை மட்டும் 'நிரம்பியது' என்று குறித்து, வரைபடத்தைப் புதிதாக வரையும். மற்ற எல்லா இடமும் காலி. மூடாத பைல் கண்டால் அதன் வகைப் பைட்டை 0 ஆக்கும். 0 என்றால் இல்லாதது.

இதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு, அதையும் சொல்லவேண்டும். நட்சத்திரப் பைலை சாதாரணமாக 'ஸ்கிராட்ச்' கட்டளையால் அழிக்கப் போனால் ஆபத்து. சங்கிலியின் கடைசிக் கண்ணி எழுதி முடியாமல் நிற்குது. அது காட்டுகிற இடத்தில் பழைய ஏதாவது கிடந்தால், டிரைவ் அதையும் இந்தப் பைலின் பகுதி என்று நம்பிப் பின்தொடர்ந்து, இன்னொரு நல்ல பைலின் இடங்களைக் காலி என்று குறித்துவிடும். அடுத்த முறை நீங்கள் எதையாவது சேமிக்கும்போது அந்த நல்ல பைலின் தலையில் ஏறி நிற்கும். ஆகவே ஸ்கிராட்ச் வேண்டாம், வலிடேற் நல்லம் என்று கையேடு சொல்வது மற்றப் பைல்களைக் காப்பாற்ற. சரி. ஆனால் கேள்வியைக் கவனியுங்கோ. மற்றப் பைல்களுக்கு என்ன நல்லது என்று கையேடு யோசிச்சிருக்கு. அரைகுறையாக நிற்கிற அந்த ஒரு பைலுக்கு என்ன நல்லது என்று யாரும் கேட்கவில்லை. முடிக்கப்படாதது கணக்கில் இல்லை.

அதோட வலிடேற்றுக்குத் தெரியாத இன்னும் பல இருக்கு. பட்டியலில் பெயர் போடாமல் நேரடியாகச் செக்டரில் எழுதுகிற நிரல்கள் அந்தக் காலத்தில் நிறைய. 1986-ல் பேர்க்லி சொஃப்ற்வேர்க்ஸ் வெளியிட்ட ஜியோஸ், கொமடோர் 64-க்கு ஐகன், மெனு எல்லாம் கொண்டுவந்த சாமான், தன் பைல்கள் சிலவற்றை டிரைவுக்குத் தெரியாத ஒரு முறையில் அடுக்கி வைக்கும். அந்த டிஸ்க்கில் சாதாரண வலிடேற் அடித்தால், அந்த எழுத்தெல்லாம் நிற்கிற இடம் 'காலி' என்று குறிக்கப்பட்டுவிடும். ஒன்றும் உடனே அழியாது. பட்டியல் வடிவாக இருக்கும். அடுத்த சேமிப்பில்தான் கத்தி இறங்கும். யாரோ ஒருவர் 1987-ல் எழுதிய கடிதத்தின் நடுப்பக்கம் இப்படிப் போயிருக்கும். அவருக்குக் காரணமும் தெரிந்திருக்காது, "டிஸ்க் பழுது" என்று எறிந்திருப்பார்.

பட்டியல் குழம்பியிருந்தும் உள்ளே சாமான் இருந்த கதை என்னுடையது. பட்டியல் ஒழுங்காக இருந்து உள்ளே குழம்பின கதை ஒன்று இருக்கு, அது இதைவிடப் பெரிசு.

இந்த டிரைவில் ஒரே பெயரில் திரும்பச் சேமிக்க வேண்டுமென்றால் பெயருக்கு முன்னால் @ குறி போடவேண்டும். அப்படிப் போட்டால் புதியதை முழுக்க எழுதிவிட்டுப் பழையதின் இடத்தை விடுவிக்கும் என்பது ஏற்பாடு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எப்பவாவது ஒருக்கா, அப்படிச் சேமித்த பிறகு, பைல்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும். எப்போது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நூறு தரம் சரியாக வேலை செய்யும், நூற்றியோராவது தரம் உழைப்பைத் தின்னும். பட்டியலில் பெயர் இருக்கும், அளவு இருக்கும், எல்லாம் கிளீன்.

பாவிச்ச சனம் இதைச் சொன்னது. திரும்பத் திரும்பச் சொன்னது. அதற்குக் கிடைத்த பதில் என்ன? இது கட்டுக்கதை, அப்படி ஒரு பக் இல்லை, உங்கட கைப்பிழை. செய்து காட்டு என்றால் செய்து காட்ட ஏலாது, ஏனென்றால் கூப்பிட்ட நேரத்துக்கு வாற பக் இல்லை அது. பல வருடம் இது பேய்க்கதை மாதிரிக் கிடந்தது. @ போடாதே என்று ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொண்டார்கள், பாட்டி சொன்ன மாதிரி. விஷயம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள்.

1985-ல்தான் அது முடிவுக்கு வந்தது. சிலேமேக்கர், விட்டேர்ன் போன்றவர்கள் தனித்தனியாக டிரைவின் நிரலைப் பிரித்துப் பார்த்து, பக் உண்மை என்று எழுத்தில் நிரூபித்தார்கள். தனித்தனியாக என்பதைக் கவனியுங்கோ, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது இல்லை. 1541-க்குள்ள இருப்பது 2 கிலோபைட் நினைவகம் மட்டும். அதன் நிரலோ, இரண்டு டிரைவ் கொண்ட கொமடோரின் பழைய பெட்டிகளுக்கு எழுதியதின் வாரிசு. இடம் தட்டுப்பாடாகும் நேரத்தில் ஒரு வேலைக்குக் கொடுத்த பஃபரை, அதாவது தற்காலிகமாகத் தகவல் வைத்திருக்கிற துண்டு நினைவகத்தை, இன்னொரு வேலைக்குப் பிடுங்கிக் கொடுக்கிற இடத்தில்தான் கணக்குப் பிசகினது. பாட்டிமார் சொன்னது சரி. சிரித்தவர்கள் பிழை.

இதில் எனக்குப் பிடிபட்டது கணினி விஷயமே இல்லை. நாங்கள் வரலாற்று வகுப்பில் மூன்று வருடமாக அடிபடுகிற விஷயம். ஒரு பக்கம் ஆவணம் இருக்கு, ஒழுங்காக, பெயரோடு, அளவோடு. மறுபக்கம் ஆள் நின்று "அப்படி நடக்கேல்ல, எனக்கு நடந்தது வேற" என்று சொல்லுது. யாரை நம்புவது? ஆவணத்தை நம்புவது சுகம். அது அழாது, முரண்படாது, நேரத்துக்கு நேரம் கதை மாற்றாது. ஆனால் அந்த ஆவணத்தை எழுதியதும் குற்றம் சாட்டப்படுகிற அதே இயந்திரம்தானே! டிரைவ் பிழை செய்தது, டிரைவே பட்டியலும் எழுதியது. அந்தப் பட்டியலைக் காட்டி "பார், பிழை ஒன்றும் இல்லை" என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கு?

"இதெல்லாம் அமெரிக்காக்காரன்ர நாற்பது வருஷத்துப் பிளாஸ்டிக் பெட்டி, உனக்கென்ன அக்கறை?" என்று வீட்டில் கேட்டார்கள். இஞ்ச கொமடோரோடு வளர்ந்த ஆக்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. இதை எங்கட கதையாக மாற்றி எழுத எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கில் கிடப்பது பிளாஸ்டிக் மட்டும் இல்லை. இதே கொமடோர் கொம்பனி 1985-ல் அமிகா என்ற அடுத்த கணினியை நியூயோர்க்கில் அறிமுகப்படுத்தியபோது, ஓவியர் அன்டி வார்ஹோலைக் கூப்பிட்டு மேடையில் அதில் படம் வரைய வைத்தது. மேடைக்கு வெளியிலும் அவர் அதில் வரைந்தார். அவர் 1987-ல் இறந்துபோனார். அந்த டிஸ்க்குகள் அவர் பெயரில் இருக்கிற அருங்காட்சியகத்தில் கிடந்தன. கோரி ஆர்க்கேஞ்சல் என்ற கலைஞர் அந்த அறிமுக விழா வீடியோவைப் பார்த்துவிட்டு, அந்தப் படங்கள் எங்கே என்று கேட்கத் தொடங்கியபிறகுதான் ஆட்கள் தேடினார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணினிக் கழகத்து ஆட்கள் அவற்றை மீட்ட செய்தி 2014-ல் வெளிவந்தது. பட்டியலில் பைல் பெயர்கள் தெரிந்தன, ஆனால் அந்தப் பைல்களைத் திறக்கிற மென்பொருள் இல்லை. வெளியீட்டுக்கு முந்திய ஒரு வரைகலை நிரலில் சேமித்தவை அவை. பைட்டைப் பைட்டாகப் பார்த்து அமைப்பைக் கண்டுபிடித்து, பிறகுதான் படம் வந்தது.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இரண்டு விஷயம். ஒன்று, கேள்வி கேட்டது ஒரு கலைஞர். மற்றது, வந்தவர்கள் முதலில் செய்தது டிஸ்க்கின் காந்தத் தடத்தை அப்படியே கொப்பி எடுத்தது. திருத்தவில்லை, சுத்தம் செய்யவில்லை, ஒரு பைட்கூட டிஸ்க்கில் எழுதவில்லை.

அதுதான் நான் சொல்ல வந்த விஷயம். பழைய டிஸ்க்கில் பட்டியல் பிழைத்திருந்தால், முதல் வேலை அதைத் தொடாமல் கொப்பி எடுப்பது. பிழையோடு. நட்சத்திரக்குறியோடு. முடியாத பைலோடு, 'காலி' என்று பொய் சொல்கிற வரைபடத்தோடு. டி64 கூட எல்லாத்தையும் வைத்திருக்காது. அந்தக் காலத்து விளையாட்டுகள் கள்ளக் கொப்பி எடுக்காமல் இருக்க வேண்டுமென்றே டிஸ்க்கில் பழுது செக்டர்கள் வைத்திருந்தன, அது சாதாரண டி64-ல் வராது. ஏன், அந்தப் பழுதைத் 'திருத்தினால்' விளையாட்டே ஓடாது! ஒருவருக்குப் பழுது, மற்றவருக்குப் பூட்டு. எது பிழை, எது வேண்டுமென்று செய்தது என்று கொப்பி எடுக்கிற நேரத்தில் உங்களுக்குத் தெரியாது. எனவே எதையும் தீர்மானிக்காதேங்கோ. பிறகு அந்தக் கொப்பியின் கொப்பியில் விரும்பினதைச் செய்யுங்கோ. வலிடேற் அடியுங்கோ, அழகு பாருங்கோ, ஆட்சேபமில்லை.

என்ர கூட்டாளி இதற்கு ஒரு நியாயமான பதில் வைத்திருந்தான். "பாவிக்கிற சாமானை யாராவது நூதனசாலை மாதிரி வைச்சிருப்பினமோ? அந்தக் காலத்துப் பெடியனுக்கு டிஸ்க் ஒண்டுதான் இருந்திருக்கும். அவன் சுத்தம் செய்யாமல் என்ன செய்வான்?" சரி. 1984-ல் பிளொப்பி காசு. அவன் துடைத்துத் துடைத்துத்தான் பாவித்திருப்பான், நான் அவனோட சண்டைக்குப் போகேல்ல. ஆனால் எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. என்ர போனில் பத்தாயிரம் டிஸ்க் வைக்கலாம். இன்றைக்கு இருந்துகொண்டு இணையத்தில் கிடக்கிற டிஸ்க் கொப்பிகளைப் 'பிழை நீக்கிய பதிப்பு' என்று மாற்றிப் பதிவேற்றி, பழையதை எடுத்துவிடுகிறவர்களுக்கு என்ன சாட்டு? கொமடோர் கொம்பனியே 1994-ல் வங்குரோத்து. போய்க் கேட்க ஒருவரும் இல்லை. இருப்பது அந்த டிஸ்க்குகள்தான்.

இந்தப் பழக்கம் எனக்குக் கணினியில் வரவில்லை, தமிழ் வகுப்பில் வந்தது. பதிற்றுப்பத்தை எடுங்கோ. பெயரிலேயே பத்துப் பத்து. கைக்கு வந்தது எட்டுப் பத்து. முதலாம் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. கணக்குச் சரியாக வரட்டும் என்று யாராவது 'எட்டுப்பத்து' என்று பெயர் மாற்றினார்களா? இரண்டாம் பத்தை முதலாம் பத்து என்று இலக்கம் மாற்றினார்களா? இல்லை. இன்றைக்கும் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பத்தில்தான் தொடங்குது. அந்தக் குறை அப்படியே நிற்கிறபடியால்தான் அங்கே ஏதோ இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். ஏடு தேடிப் பதிப்பித்தவர்கள் வலிடேற் அடித்திருந்தால் ஒரு கிளீனான எட்டுப்பத்து கிடைத்திருக்கும், இரண்டு பத்து காணாமல் போனதே யாருக்கும் தெரியாமல்.

அதனால்தான் கலைப்பீடத்துப் பிள்ளைகளிடமும் எனக்குக் கோபம். எங்கட வகுப்பில் "கம்பியூட்டர் விஷயம் எங்களுக்கில்லை" என்று ஒரு கதை ஓடுது, ஏதோ பெருமை மாதிரி. பாடபேதம் பார்க்கத் தெரியும், சிதைந்த பிரதியை எப்படித் தொடுவது, எங்கே தொடக்கூடாது என்று தெரியும், ஆவணம் பொய் சொல்லும் என்று பரீட்சைத்தாளில் பத்துப் பக்கம் எழுதத் தெரியும். ஆனால் பிரதி காந்தத்தில் இருந்தால் கை நடுங்கும். அதைத் தெரிந்தவனிடம் கொடுத்துவிடுவோம். அவன் கையேட்டைப் பார்த்து சுத்தம் செய்து தருவான். அவனுக்குப் படிப்பித்தது அதுதான், பழுதான ஒன்றை வேலை செய்ய வைப்பது. பழுதை வாசிப்பது எங்களுக்குப் படிப்பித்தது. நாங்கள் அந்த மேசைக்கே போகாமல் இருந்துவிட்டு, பிறகு "டிஜிட்டல் யுகத்தில் மானுடவியல் துறைகளின் எதிர்காலம்" என்று கருத்தரங்கு வைக்கிறோம்.

என்ர நிரலுக்கு என்ன நடந்தது என்று சொல்லவில்லை.

வலிடேற் வகைப் பைட்டைத்தான் 0 ஆக்கியது, வரைபடத்தைத்தான் மாற்றியது. உள்ளே கிடந்த எழுத்தைத் தொடவில்லை. அந்தப் பெட்டியின் அழிக்கிற கட்டளைக்கு ஸ்கிராட்ச் என்று பெயர் வைத்தது பொருத்தம்தான், பெயரின் மேல் ஒரு கீறு, அவ்வளவுதான். நான் டி64 பைலை முதலில் கொப்பி எடுத்தேன். இந்த முறை சோம்பல் படவில்லை. பிறகு ஒரு பைட் எடிட்டரில் கொப்பியைத் திறந்தேன். 17 ட்ராக், ஒவ்வொன்றிலும் 21 செக்டர், ஆக 357 செக்டர். அதைத் தாண்டினால் 18-ஆம் ட்ராக். அதில் வரைபடச் செக்டர் ஒன்றைத் தாண்டினால் பட்டியல். 0-இலிருந்து எண்ணிக்கொண்டு போனால் முதல் பைலின் வகைப் பைட் 91,650-ல் நிற்கும். கல்குலேட்டரில் மூன்று தரம் சரி பார்த்தேன், கணக்கில் நான் எப்பவும் மட்டம். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு 0. பக்கத்தில் நான் வைத்த பெயர், ஒரு எழுத்துக்கூடக் குறையாமல்.

0-ஐ 130 ஆக்கினேன். எமுலேட்டரில் ஏற்றினேன். லிஸ்ட் அடித்தேன். டேட்டா வரிகள் ஓடின.

முழுக்க வரவில்லை. கடைசி ஏழெட்டு வரிக்குப் பிறகு குப்பை எழுத்து. ஜன்னலை மூடின நேரத்தில் அந்தத் துண்டு இன்னும் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. 'ண' அந்த வரிகளுக்குள்தான் இருந்தது. மற்றதெல்லாத்தையும் வேறொரு டிஸ்க்குக்குச் சேமித்தேன், திருத்திய கொப்பியின் மேல் எதையும் எழுதவில்லை, ஏனென்றால் அதன் வரைபடம் இன்னும் என்ர நிரல் நிற்கிற இடத்தைக் காலி என்றுதான் நம்புது.

கூட்டாளி வந்து பார்த்தான். "சரி, இப்ப அந்தப் பழைய டி64-ஐ அழிச்சுவிடு, குழம்பிப்போகும்" என்றான். அழிக்கவில்லை. புதியதோட சேர்த்து ஒரே போல்டரில் வைத்திருக்கிறேன். நேற்றும் திறந்து பார்த்தேன். இரண்டு இரவும் அரைவாசி 'ண'வும் உள்ளே கிடக்க, 664 பிளொக்கும் காலி என்று காட்டுது.